ரிவர்ஸ் லைட் ஏன் மங்கியது? ஏற்காட்டுத் தோட்ட பிக்கப் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சேர்வராயன் மலையில் நாகலூர் பக்கத்துக் காப்பித் தோட்டம் ஒன்றில் ஓடும் டீசல் பிக்கப் இது. 12 வோல்ட் மின்னமைப்பு, 6 மீட்டருக்குள் நீளம், பின்னால் பட்டை வில் (லீஃப் ஸ்பிரிங்). நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை பழம் பறிக்கும் காலத்தில் இதற்கு ராத்திரி வேலைதான் அதிகம். பறித்த பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் (பழத்தோலை உரிக்கும் எந்திரத்தில்) போட்டாக வேண்டும். மூட்டையில் கிடந்தால் புளித்துவிடும். அதனால் சாயங்காலம் எடை போட்டு ஏற்றி, இருட்டில்தான் களத்துக்கு இறக்க வேண்டியிருக்கிறது. தோட்டப் பாதை ஒரு வண்டி அகலம். எதிரே ஜீப் ஏறி வந்தால் இறங்குகிற வண்டிதான் ஒதுங்க வேண்டும். ஒதுங்க இடம் 60, 80 மீட்டர் பின்னால் இருக்கும். ஒரு பக்கம் கல் கட்டு, மறுபக்கம் சரிவு, நடுவில் மூடுபனி.

ஒர்க்‌ஷாப்பில் ஓட்டுநர் சொன்ன குறை இரண்டே வரி: "ரிவர்ஸ் போட்டா பின்னாடி ஒண்ணுமே தெரியலீங்ணா. இன்னும் பவரான லைட்டு ரெண்டு போடணும்."

வண்டியின் பின்னால் ஏற்கெனவே இரண்டு கூடுதல் விளக்குகள் இருந்தன. முன்பு எங்கேயோ மாட்டிய 55 வாட் ஹாலஜன் பனி விளக்குகள். இரண்டும் எரியவில்லை. கம்பெனி ரிவர்ஸ் விளக்குகள் எரிந்தன, ஆனால் மஞ்சள் பூத்த வெளிச்சம். குறை விளக்கின் எண்ணிக்கையில் இல்லை என்பதற்கு முதல் தடயம் அந்த மஞ்சள் நிறம்தான். 21 வாட் பல்புக்கு வோல்டேஜ் முழுசாகக் கிடைத்தால் அது அப்படி எரியாது.

முதல் அளவீடு

எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.6 வோல்ட். ரிவர்ஸ் கியரில் பல்பு ஹோல்டரின் இரு முனைக்கும் இடையே 10.8 வோல்ட். 2.8 வோல்ட் வழியில் தொலைந்திருந்தது. பல்பின் வெளிச்சம் வோல்டேஜுக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை, ஏறக்குறைய வோல்டேஜின் 3.4-ஆம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். 13.5 வோல்ட்டில் 460 லூமென் (வெளிச்சத்தின் அளவு) தர வேண்டிய பல்பு 10.8 வோல்ட்டில் 215 லூமென் அளவுதான் தரும். வோல்டேஜில் ஐந்தில் ஒரு பங்கு போனால் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் போய்விடுகிறது.

அந்த 2.8 வோல்ட்டைத் துண்டு துண்டாகத் தேடியதில், கியர்பாக்ஸில் திருகியிருக்கும் ரிவர்ஸ் ஸ்விட்ச்சின் இரண்டு முனைகளுக்கு இடையே 1.7, பின்புற எர்த்தில் (மின்சாரம் வண்டியின் இரும்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பில்) 0.6, கனெக்டர்களிலும் வயரிலுமாக 0.5 என்று பிரிந்தது. கடைசியாகச் சொன்னது சாதாரணம். முதல் இரண்டும்தான் நோய்.

ஸ்விட்ச்சைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் 0.8, 0.9 வரும். மீட்டர் வயருக்கே 0.2, 0.3 ஓம் உண்டு என்பதால் பலர் இதைப் பார்த்து ஸ்விட்ச் நல்லது என்று முடித்துவிடுவார்கள். 2.8 ஆம்பியர் ஓடும்போது, மீட்டர் வயர் போக மீதியுள்ள அந்த 0.6 ஓம்தான் 1.7 வோல்ட்டைத் தின்கிறது. கட்டைவிரல் அளவு ஸ்விட்ச்சுக்குள் 5 வாட் சூடு. கரண்ட் ஓடும்போது வோல்டேஜ் இழப்பைப் பார்ப்பதுதான் நம்பத்தக்க சோதனை. ஓம் அளவு இந்த வேலைக்குப் போதாது.

ஸ்விட்ச் எப்படிக் கருகியது

ஹாலஜன் விளக்குகளின் வயர் நேராகக் கம்பெனி ரிவர்ஸ் வயரில் முறுக்கி டேப் சுற்றப்பட்டிருந்தது. கணக்கு எளிது. கம்பெனி பல்பு இரண்டுக்கும் சேர்த்து 3.1 ஆம்பியர். ஹாலஜன் இரண்டுக்கும் 9.2 ஆம்பியருக்குக் குறையாது. மொத்தம் 12 ஆம்பியரைத் தாண்டுகிறது. ஸ்விட்ச்சின் உள் முனைகள் இரண்டு பல்பை எரிக்கும் அளவுக்கு அமைந்தவை.

இந்த வண்டியில் அந்தச் சுற்றின் ஃபியூஸ் 10 ஆம்பியர். பிளேடு ஃபியூஸ் தன் அளவை 25 சதவீதம் தாண்டியதும் உடனே அறுந்துவிடாது. 110 சதவீதத்தில் நூறு மணி நேரம் தாங்க வேண்டும் என்பதும், 135 சதவீதத்தில் முக்கால் வினாடியிலிருந்து 10 நிமிடத்துக்குள் அறுந்தாக வேண்டும் என்பதும் அதன் தர விதி. ஆகையால் சேலத்துச் சமவெளியில் கடை வாசலில் பத்து வினாடி ரிவர்ஸ் எடுத்தால் ஒன்றும் ஆகாது. மலையில் 80 மீட்டர் ஊர்ந்து பின்வாங்கும்போது அறும். இரண்டு மூன்று தடவை அறுந்ததும் யாரோ 20 ஆம்பியர் ஃபியூஸைச் செருகியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஃபியூஸ் அறவில்லை, ஸ்விட்ச் கருகியது. வயரின் உறை ஒரு சாண் நீளத்துக்கு இறுகிப் பழுப்பேறியிருந்தது. ஃபியூஸ் விளக்கைக் காக்க வைப்பதல்ல, வயரைக் காக்க வைப்பது. 0.85 சதுர மி.மீ. வயர் உள்ள சுற்றில் 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தால் எரிந்து அறுகிற வேலையை வயரே செய்யும்.

எர்த் இழப்புக்குக் காரணம் வேறு. விளக்கின் எர்த்தை லோடு பாடியில் திருகியிருந்தார்கள். லோடு பாடிக்கும் சாசிக்கும் (வண்டியின் அடிச்சட்டத்துக்கும்) இடையில் மரக்கட்டையும் ரப்பரும் இருக்கின்றன. இரும்போடு இரும்பு சேரும் இடம் யு-போல்ட் மட்டுமே, அதுவும் பெயிண்ட்டின் மேல். பாடி இரும்பாக இருப்பதால் எர்த் கிடைத்துவிடும் என்று நினைப்பது பிக்கப்பில் அடிக்கடி நடக்கும் தவறு.

பழையதைச் சரி செய்தல்

ஹாலஜனும் அதன் வயரும் முழுக்கக் கழற்றப்பட்டன. கருகிய உறைப் பகுதி வெட்டி மாற்றப்பட்டது. புது ரிவர்ஸ் ஸ்விட்ச், புது அலுமினிய வாஷருடன். ஸ்விட்ச்சின் துளை கியர் ஆயில் மட்டத்துக்குக் கீழே இருந்தால் கழற்றியதும் ஆயில் ஒழுகும்; கீழே தட்டு வைத்துக்கொண்டு, ஒழுகிய அளவைத் திரும்ப ஊற்ற வேண்டும். பழைய வாஷரையே போட்டால் ஒரு வாரத்தில் ஸ்விட்ச்சின் கனெக்டர் ஆயிலில் ஊறிவிடும். ஃபியூஸ் மறுபடி 10 ஆம்பியர். எர்த் சாசிக்கு மாற்றப்பட்டது: பெயிண்ட்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு காட்டி, ரிங் லக்கை நட்சத்திர வாஷர் வைத்து இறுக்கி, மேலே வாசலின் பூசி.

பல்பு முனையில் இப்போது 13.0 வோல்ட். 215 லூமென் 400 ஆனது. மஞ்சளேறிய கண்ணாடியைப் பாலிஷ் போட்டதும் இன்னும் கொஞ்சம் தெளிந்தது. ஒரு ஸ்விட்ச்சும் ஒரு போல்ட்டும் கொடுத்த லாபம் இது. சமவெளியில் ஓடுகிற வண்டியாக இருந்தால் வேலையை இங்கேயே நிறுத்தியிருக்கலாம். மலைப் பாதைக்கு இது போதாது. கல் கட்டின் விளிம்பும் பக்கவாட்டுக் குழியும் இந்த வெளிச்சத்தில் பக்கக் கண்ணாடியில் பிடிபடவில்லை.

புது விளக்குகளும் அவற்றின் வழியும்

தேர்ந்தெடுத்தது 18 வாட் எல்இடி இரண்டு. அட்டையில் போட்டிருக்கும் வாட்டை நம்பக் கூடாது. கடையிலேயே ஒரு 12 வோல்ட் பேட்டரியும் மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையும் இருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். 27 வாட் என்று எழுதிய ஒரு விளக்கு 1.05 ஆம்பியர்தான் எடுத்தது. அது 14 வாட். கடைசியில் வாங்கிய 18 வாட் விளக்கு 13.5 வோல்ட்டில் 1.3 ஆம்பியர் எடுத்தது; அட்டை சொன்னது சரி. வட்டமாக விரியும் ஒளி வேண்டாம் என்று முதலிலேயே முடிவானது. கிடைமட்டத்தில் 60 பாகை, செங்குத்தில் 25 பாகை விரியும் தட்டை ஒளிதான் பாதைக்கு ஏற்றது. நிறம் 5000 கெல்வின். மூடுபனித் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அதனால் எந்த நிறமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறும். நீலம் தூக்கலான 6500 கெல்வின் விளக்கு பனியை மோசமாக்குவதைவிடக் கண்ணைத்தான் அதிகம் கூச வைக்கிறது.

மின்வழியின் அடிப்படை ஒன்றுதான்: விளக்குக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து வரட்டும், ரிவர்ஸ் வயர் ரிலேயைத் தட்டி எழுப்பும் வேலையை மட்டும் செய்யட்டும். ரிலே என்பது சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச். ரிலேயின் காயில் (உள்ளேயுள்ள கம்பிச் சுருள்) எடுப்பது 0.15 ஆம்பியர். புது ஸ்விட்ச்சுக்கு இது ஒரு சுமையே இல்லை.

நான்கு முனை, 12 வோல்ட், 30 ஆம்பியர், நீர் புகாத ரிலே எஞ்சின் அறையில் பேட்டரிக்குப் பக்கத்தில், முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டப்பட்டது. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 150 மி.மீ. தூரத்துக்குள் மூடியுள்ள ஃபியூஸ் ஹோல்டர், அதில் 5 ஆம்பியர். அங்கிருந்து ரிலேயின் 30-ஆம் முனை (30, 85, 86, 87 என்பவை ரிலே முனைகளின் எண்கள்). 87-இலிருந்து பின்னால் விளக்குகளுக்கு 1.5 சதுர மி.மீ. சிவப்பு வயர், வளைவுகளையும் சேர்த்து 6 மீட்டர். 86-இல் ரிவர்ஸ் வயர். 85 நேராக எர்த்துக்குப் போகாமல் கேபினில் ஒரு ஸ்விட்ச் வழியாகப் போகிறது. காயிலின் குறுக்கே, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டையோடு, வெள்ளிக் கோடு 86 பக்கம். கோட்டை மாற்றி வைத்தால், கேபின் ஸ்விட்ச் போட்டு ரிவர்ஸ் விழுந்த நொடியே 10 ஆம்பியர் ஃபியூஸ் போய்விடும்; அதை ரிலேயின் கோளாறு என்று நினைத்துப் பலர் ரிலேயை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

ரிலேயைப் பின்னால் வைத்தால் சிக்னல் வயர் மிச்சமாகுமே என்ற கேள்வி வந்தது. அப்படி வைத்தால் பேட்டரியோடு எப்போதும் உயிருள்ள வயர் ஒன்று சாசி நெடுகக் கல்லடி பட்டுக்கொண்டு ஓடும். முன்னால் வைத்தால் ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டுமே அந்த வயரில் மின்சாரம் இருக்கும். முன்னால் வைப்பதே சரி.

கேபின் ஸ்விட்ச்சை எர்த் பக்கத்தில் தொடராக வைத்ததற்கு இரண்டு காரணம். தோட்டக்காரர் கேட்டது, கியர் போடாமலும் விளக்கு எரிய ஒரு ஸ்விட்ச். மூட்டை ஏற்ற உதவுமே என்று. அப்படி 86-இல் தனியாகப் பிளஸ் கொடுத்தால் கரண்ட் பின்வழியாக ஏறிக் கம்பெனி ரிவர்ஸ் விளக்கும் பஸ்ஸரும் சேர்ந்து இயங்கும். அதை ஒரு டையோடு வைத்துத் தடுத்துவிடலாம். ஆனால் மறந்துபோய் எரியவிட்டபடி வண்டி கீழே இறங்கினால், அடிவாரம் வரையுள்ள 20 கொண்டை ஊசி வளைவிலும் பின்னால் வருகிற டூவீலர்காரர் கண்ணில் வெள்ளை வெளிச்சம் அடிக்கும். அதற்கு இடம் தரவே கூடாது. தொடர் ஸ்விட்ச்சில் ரிவர்ஸ் விழாமல் விளக்கு எரியவே வழியில்லை. ஏற்று வேலைக்கு லோடு பாடிக்குள் கீழ்நோக்கி ஒரு சின்ன விளக்கு தனியாகப் போடப்பட்டது. இரண்டாவது காரணம் சட்டம். வண்டி விளக்குகளுக்கான ஐ.நா. விதி 48 படி 6 மீட்டருக்கு உட்பட்ட வண்டிக்கு ரிவர்ஸ் விளக்கு அதிகபட்சம் இரண்டு. வண்டி விளக்குகளுக்கான நம் ஊர்த் தர விதி ஏஐஎஸ் 008-ம் அந்த வழியில் எழுதப்பட்டதுதான். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே புது ஜோடி தோட்டத்துக்குள் மட்டும். தார் ரோட்டுக்கு ஏறும்முன் கேபின் ஸ்விட்ச் அணைக்கப்பட வேண்டும்.

ரிவர்ஸ் வயரை எடுத்தது கியர்பாக்ஸ் கனெக்டர் பக்கத்தில். ஸ்விட்ச்சில் இரண்டு வயர்: ஒன்றில் சாவி போட்டதும் மின்சாரம், மற்றதில் ரிவர்ஸ் விழுந்தால் மட்டும். வேண்டியது இரண்டாவது. நிறத்தைப் பார்த்துப் பிடிக்கக் கூடாது. அளந்து பிடிக்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6 (புகை அளவு விதி) வண்டிகளில் சிலவற்றில் இந்த ஸ்விட்ச் கம்ப்யூட்டருக்குத் தகவல் மட்டும் தரும், பல்புக்கான கரண்ட் அதில் ஓடாது. அங்கே கியர்பாக்ஸ் பக்கம் கை வைக்காமல் பின் விளக்கின் வயரிலிருந்துதான் சிக்னல் எடுக்க வேண்டும். பேட்டரியின் மைனஸ் முனையில் சென்சார் மாட்டியிருந்தால் எர்த்தை அந்த முனையில் நேராகக் கட்டாமல் சாசியில் கட்ட வேண்டும்.

இணைப்புகளுக்கு உறையைக் கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப் வேண்டாம். அது நூலிழைகளை அறுக்கும். அந்த வழியாக ஈரம் ஏறிச் செம்பு பச்சை பிடிக்கும். கிரிம்ப் செய்து (முனையை வயரோடு நசுக்கிப் பிடித்து), பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போட்டால் மலைக் குலுக்கலுக்குத் தாங்கும். வெறும் சால்டர் போட்டால் ஈயம் முடியும் இடத்தில் வயர் விறைத்து உடையும். 10 மி.மீ. நெளிகுழாய்க்குள் வயர், 30 செ.மீ.க்கு ஒரு டை, சைலன்சரிலிருந்து ஒரு சாண் தள்ளி. பிரேக் பைப்பிலோ டீசல் பைப்பிலோ சேர்த்துக் கட்டவே கூடாது.

எங்கே மாட்டுவது

இதில்தான் அதிக நேரம் போனது. லோடு பாடியின் பின்பலகையைத் திறந்தால் அது கீழே தொங்கும். களத்தில் பலகையைத் திறந்துகொண்டு கடைசி இரண்டு மீட்டர் பின்வாங்குவது அன்றாடம். தொங்கும் பலகையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 510 மி.மீ. அதற்கு மேலே விளக்கு வைத்தால் பலகை மறைக்கும், அல்லது விழும்போது உடைக்கும். கேபின் கூரையில் வைத்தால் மூட்டை மறைக்கும். மூட்டை இல்லாத நாளில் பனி மறைக்கும். ஓட்டுநரின் பார்வைக் கோட்டுக்கு எவ்வளவு நெருக்கமாக ஒளி கிளம்புகிறதோ அவ்வளவு சிதறல் கண்ணுக்குத் திரும்பும். கண் 1.7 மீட்டர் உயரத்தில் இருக்க, விளக்கு தரையோடு ஒட்டி இருந்தால் அந்த வெள்ளைத் திரை பாதியாகக் குறைந்ததுபோல் தெரியும்.

சாசியின் கடைசிக் குறுக்குச் சட்டத்தில், ஏற்கெனவே இருந்த துளைகளில், விளக்கின் நடு 450 மி.மீ. உயரத்தில் வரும்படி மாட்டப்பட்டது. சாசியில் புதுத் துளை போடவில்லை, வெல்டிங்கும் இல்லை. பிராக்கெட் 4 மி.மீ. துருப்பிடிக்காத எஃகு, சேலத்தில் வெட்டுத் துண்டு சுலபமாகக் கிடைக்கும். விளக்கின் உடல் அலுமினியம் என்பதால் இரண்டுக்கும் இடையே நைலான் வாஷர் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரிக்கும். தாழ்ந்த விளக்கில் இன்னொரு நன்மை உண்டு: சின்னக் கல்லுக்கும் நீண்ட நிழல் விழும், குழியின் வாய் கறுப்பாகப் பிரிந்து தெரியும்.

குறி வைத்தல்

வாட்டைவிட இது முக்கியம். சமதளத்தில், காலி வண்டியில், சுவரிலிருந்து விளக்கு 3 மீட்டர் தள்ளி இருக்கும்படி நிறுத்தி அளக்க வேண்டும். வலது விளக்கின் ஒளி நடு சுவரில் 180 மி.மீ. உயரத்தில் விழும்படி வைக்கப்பட்டது. 3 மீட்டரில் 270 மி.மீ. இறக்கம், அதாவது 5 மீட்டரில் தரை தொடும். இடது விளக்கு 110 மி.மீ. உயரத்தில், 4 மீட்டரில் தரை தொடும்படி. ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்கிறார். இடப்பக்க விளிம்பே அவருக்குக் கடினம். அதனால் இடது விளக்கு வெளிப்பக்கம் 20 பாகை, வலது 10 பாகை திருப்பப்பட்டது.

காலி வண்டியில் வைக்கச் சொல்வது ஏன்? ஹெட்லைட் லோடு ஏறினால் மேலே தூக்கும். பின்பக்க விளக்கு நேர்மாறு. லோடு ஏறினால் வால் அமுங்கி ஒளி கீழே கவிழும். பின்னால் நிற்பவர் கண்ணைக் கூச வைப்பது காலி வண்டிதான். ஆனால் லோடின் விலை இதுதான்: வில் 90 மி.மீ. அமுங்கினால் ஏறக்குறைய 1.7 பாகை கூடுகிறது, விளக்கும் தாழ்கிறது. 5 மீட்டரில் தரை தொட்ட ஒளி நடு 3 மீட்டருக்கு வந்துவிடும். அதற்கு அப்பால் ஒளியின் மேல் பகுதி மட்டும் எட்டும். அதற்காகக் காலி வண்டியில் தூக்கி வைக்கவும் முடியாது: 25 பாகை விரிவில் மேல் பாதி இப்போதே கிடைமட்டத்துக்கு மேல் 7 பாகை ஏறுகிறது. ஒவ்வொரு விளக்கின் மேலும் 40 மி.மீ. நீட்டிய கறுப்புத் தகரக் குடை வைத்த பிறகுதான் அந்தப் பகுதி ஓரளவு வெட்டுப்பட்டது.

ஓட்டிப் பார்த்த அளவுகள்: பேட்டரி 13.6, விளக்கு முனை 13.3, இரண்டும் சேர்ந்து 2.6 ஆம்பியர், எர்த் இழப்பு 0.05 வோல்ட்டுக்கும் கீழே.

ஐந்து வாரத்துக்குப் பிறகு

இடது விளக்கு குலுக்கலில் விட்டு விட்டு எரிந்தது. விளக்கின் கனெக்டர் மேல் நோக்கி இருந்தது; நெளிகுழாய் வழியாக வழிந்த நீர் நேராக அதற்குள் இறங்கியிருந்தது. பிளஸ் முள் பச்சை பூத்து, அங்கே மட்டும் 2 வோல்ட்டுக்கு மேல் இழப்பு. கனெக்டரைக் கீழ்நோக்கித் திருப்பி, அதற்கு முன்னால் வயரை ஒரு தொங்கு வளைவாக விட்டு நீர் அங்கேயே சொட்டும்படி செய்ததும் தீர்ந்தது. நெளிகுழாயின் தாழ்ந்த இடத்தில் 4 மி.மீ. துளை ஒன்றும் போடப்பட்டது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அதே விளக்கு ஒற்றைப் போல்ட்டில் நின்றதால் குலுங்கிக் குலுங்கி 2 பாகை கவிழ்ந்திருந்தது. நைலாக் நட் கழன்றுவிடவில்லை. பிராக்கெட் காதுதான் சுழன்றிருந்தது. பின்புறம் ஒரு சின்னத் தடுப்புத் திருகு வைத்து, சரியான நிலையில் பெயிண்ட் கோடு போட்டாகிவிட்டது. கோடு விலகினால் கண்ணில் படும்.

விளக்கின் கண்ணாடியில் படியும் செம்மண்ணுக்கு மருந்து துடைப்பது மட்டும்தான். இந்த மலையின் பாக்சைட் மண் ஈரத்தில் பசைபோல ஒட்டும். மழைக்குப் பிறகு மூன்று நடை போனால் வெளிச்சம் செம்பட்டையாகிவிடும். உலர்ந்ததைத் துணியால் தேய்த்தால் பாலிகார்பனேட் கீறும், தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுத்தான் துடைக்க வேண்டும்.

தீராத இடம் ஒன்று இருக்கிறது. பாதையிலிருந்து களத்துக்குப் பின்புறமாக இறங்கும் முனையில் தரை சட்டென்று சரிகிறது. வால் விளிம்பைத் தாண்டும்வரை ஒளி காற்றில்தான் போகும், கீழே களம் இருட்டாகவே கிடக்கும். எந்தக் கோணம் வைத்தாலும் இது மாறாது. அங்கே மட்டும் ஒருவர் டார்ச்சுடன் இடப்பக்கம், ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்கிறார். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்தால் வண்டி நிற்க வேண்டும். அவர் மறுபடி தெரிந்த பிறகுதான் பிரேக்கிலிருந்து கால் எடுக்கலாம்.